ஓர் ஆணிக்கு ஒரு காலண்டர்

வணிகப் பெருமக்களுக்கு, குறிப்பாகப் புதிதாகக் கடை திறந்திருக்கும் இளம் உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளி வியாபாரம் முடிந்த மறுவாரம் ஏஜெண்டைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, ஏதாவது சாமி படம் போட்டு ஐந்நூறு காலண்டர் அடிச்சுக் கொடுங்க" என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

சிவகாசியில் ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு அன்றே பூஜை போட்டு, வரும் வருடத்துக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டுவிடுகிறார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே சீசன் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆல்பத்தில் இருப்பவை பெரும்பாலும் 'ரெடிமேட்' படங்கள். படத்தை முன்கூட்டியே அச்சடித்து, கடைப் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்பார்கள். யார் ஆர்டர் கொடுத்தாலும் அவர் பெயர் அதில் ஏறும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மளிகைக் கடைக்காரர் கொடுக்கும் அதே மயில்வாகன முருகனை டவுன் ரதவீதியில் பாத்திரக் கடைக்காரரும் கொடுப்பார். மேலப்பாளையம் கடைகளின் மக்கா மதீனா படத்துக்கும், மாதா படத்துக்கும் இதே கதைதான்.

கோவில்பட்டியில் இருந்து சி.கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டரில் வந்த காலம் வேறு. அப்போது கோவில்பட்டி நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; 1986இல்தான் பிரிந்தது. வருடம் முடிந்த பிறகும் அந்தப் படத்தை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். இன்று நாம் கொடுக்கும் படத்தை யாராவது கண்ணாடி போடுகிறார்களா?

"ரெடிமேட் வேண்டாம், என் படத்தைப் போடுங்கள்" என்று சொல்லும் உறுப்பினர்களும் உண்டு. ஆனால் அந்த 'என் படம்' எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செல்போனில் தேடி இறக்கியது. இதில்தான் வில்லங்கம். படம் விற்கும் கம்பெனிகளின் பேச்சில் சில வார்த்தைகள் இருக்கின்றன; புதியவர்கள் அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இனாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருமுறை கட்டணம் கட்டினால், அந்த உரிமத்தில் சொன்ன வரம்புக்குள் திரும்பத் திரும்பக் கட்டாமல் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். அதே படத்தை உங்கள் எதிர்க்கடைக்கும் விற்பார்கள். ஆக அதுவும் ரெடிமேட்தான். 'ரைட்ஸ் மேனேஜ்டு' என்பது கடையை வாடகைக்கு எடுப்பது மாதிரி. எதற்கு, எத்தனை காலம், எந்த ஊரில் என்று பேசி அதற்குத் தக்க பணம். 'எடிட்டோரியல்' என்று போட்டிருந்தால் செய்திக்கு மட்டும். கடை விளம்பரத்துக்குத் தொடவே கூடாது. 'மாடல் ரிலீஸ்' என்பது படத்தில் இருப்பவர் விளம்பரத்துக்குச் சம்மதித்து எழுதிக் கொடுக்கும் சீட்டு.

கேட்காமல் எடுத்தால் என்ன ஆகும்? 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, தெரிந்தே செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்க இடம் உண்டு. அதே சட்டம் நமக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்கிறது. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே முதல் உரிமையாளர்.

ஆகவே என் கருத்து இது: நம் ஊர் போட்டோகிராபரைக் கூப்பிட்டு நம் ஊரை எடுக்கச் சொல்லுங்கள். இங்கே படத்துக்கா பஞ்சம்? 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் இருக்கிறது. பத்தமடையில் பாய் நெய்யும் கை இருக்கிறது. பாய் நெய்பவர் முகம் தெரிந்தால் சம்மதச் சீட்டும், கையில் ஒரு தொகையும் கொடுப்பதே மரியாதை. கோயிலுக்குள் எடுப்பதானால் நிர்வாகத்தின் அனுமதி முதலில்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். படத்தின் சீசன் வேறு, விற்பனையின் சீசன் வேறு. நெல்லையப்பர் தேர் ஓடுவது ஆனியில். பிசான வயல் பச்சைப் பசேலென்று நிற்பது மார்கழியில். ஆடியில் ஆல்பம் வரும்போது பச்சை வயல் படம் கையில் இருக்க வேண்டுமானால் அதற்கு முந்தைய மார்கழியிலேயே எடுத்திருக்க வேண்டும். படம் விற்பவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். தீபாவளி விளக்குப் படத்தைப் பல மாதம் முன்பே விற்பனைக்கு வைத்துவிடுவார்கள், விளம்பரக்காரர்கள் அப்போதுதான் தேடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நாமோ ஜவுளிக்கும் பட்டாசுக்கும் ஆறு மாதம் முன்பே யோசிக்கிறோம், காலண்டருக்கு யோசிப்பதில்லை.

"ஆடியில் கல்லாவில் காசு ஏது?" என்பீர்கள். நியாயம்தான். தள்ளுபடி போடும் ஜவுளிக் கடைக்கு ஆடி சரி. கல்யாணம் இல்லாத மாதத்தில் மளிகைக்கும் பாத்திரத்துக்கும் மந்தம். அணையில் தண்ணீர் இருந்து கார் விளைந்தால் அந்தப் பணம் ஐப்பசியில்தான் கடைவீதிக்கு வரும். ஆனால் ஆடியில் கொடுக்க வேண்டியது முன்பணம் மட்டும்தானே. கார்த்திகையில் ஆர்டர் கொடுத்தவருக்கு மிஞ்சிய படம்தான் கிடைக்கும். சரக்கும் பொங்கலை ஒட்டித்தான் வரும். அதற்குள் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் வேறொரு கடையின் பெயர் ஏறியிருக்கும். ஓர் ஆணிக்கு ஒரு காலண்டர்தான். ஒரு வருடத்துக்கு அந்த இடம் நமக்கு இல்லை.

கடைசியாக, சரக்கு வந்த பிறகு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த அன்றே, தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷன் வரை வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காலண்டர் அட்டை நனைந்தால் காயவைத்துக் கொடுக்க முடியாது. கட்டுகளைக் கிட்டங்கித் தரையில் அடுக்காதீர்கள். மாடி இருந்தால் மாடி. இல்லையென்றால் பலகை போட்டு உயரத்தில். கார்த்திகைக்குள் வந்து சேர்ந்தால், நிலுவை வாங்கப் போகும்போதே வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் பாதியைக் கையோடு கொடுத்துவிடலாம்.