கணக்கும் வாழ்வும்: பெட்டிகளும் பேரமும்

பெட்டி திறக்கும் தொலைக்காட்சி விளையாட்டை வாசக அன்பர்கள் அறிந்திருப்பர். நெதர்லாந்தில் தோன்றி உலகெங்கும் பரவிய அது, நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு இந்தியிலும், பின்னர் ‘டீலா நோ டீலா’ என்ற பெயரில் தமிழிலும் ஒளிபரப்பாயிற்று. அதில் கல்வியறிவுக்குச் சோதனை இல்லை; கூறப்படும் தொகையை ஏற்பதா, மறுப்பதா என்பதே கேள்வி. அதற்கு விடை காண ஒரு சிறு படம் துணை செய்யும்.

அமெரிக்காவில் 2005 டிசம்பரில் தொடங்கிய ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டிகள் 26. மிகச் சிறிய தொகை ஒரு சென்ட். மிகப் பெரியது 10 இலட்சம் டாலர். ஆட்டக்காரர் ஒரு பெட்டியைத் தமதாக வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் திறந்து வருவார். சுற்றுதோறும் ‘வங்கியாளர்’ ஒரு தொகை கூறி அவர் பெட்டியை விலைக்குக் கேட்பார்.

தொகைகள் யாவற்றையும் கூட்டி 26ஆல் வகுத்தால், சராசரி ஏறக்குறைய 1,31,478 டாலர். இதனைக் கேட்ட மாத்திரத்தில், அவ்வளவு கிடைப்பது இயல்பு என மனம் எண்ணிவிடுகிறது. வரைபடத் தாளில் மூன்று தூண்கள் வரைந்து பாருங்கள். ஆயிரம் டாலருக்குக் குறைந்த பெட்டிகள் 13. ஆயிரம் முதல் ஓர் இலட்சம் வரை 7. இரண்டு இலட்சமும் அதற்கு மேலும் 6. சராசரியைத் தாண்டுபவை அந்த ஆறு மட்டுமே! அதாவது, நான்கில் ஒரு பங்கு வாய்ப்புக்கூட இல்லை. சராசரி மறைத்ததைப் படம் காட்டிவிடுகிறது.

ஒவ்வொரு பெட்டி திறந்ததும் படத்தைத் திருத்தி வரைதல் வேண்டும். இறுதியில் நான்கு இலட்சமும் ஐந்து இலட்சமும் எஞ்சியிருக்க, வங்கியாளர் நான்கு இலட்சம் தருவதாகக் கூறினால், மறுப்பதில் நட்டமில்லை. ஒரு டாலரும் பத்து இலட்சமும் எஞ்சியிருந்தாலோ, சராசரி ஐந்து இலட்சம் என உயர்ந்து நிற்கும். ஆயினும் மறுப்பவர் ஒற்றை டாலருடன் வீடு திரும்பப் பாதி வாய்ப்பு உண்டு. கடனும் பிள்ளைகளின் படிப்பும் தோளில் சுமப்பவருக்கு இரண்டும் ஒன்றாகுமா? ஒரே தொகை செல்வருக்கும் வறியவருக்கும் ஒரே பயன் தருவதில்லை என்று டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞர் 1738ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

இன்னொன்றும் கருதத்தக்கது. இவ்வாட்டத்தின் 151 போட்டியாளர்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்த பெருந்தொகையை இழந்தவர்கள் மேலும் துணிந்து மறுக்கத் தலைப்படுவதைக் காட்டிற்று. இழந்ததை மீட்கும் ஆவல், கணக்கை மறக்கச் செய்கிறது.

தமிழ்நாட்டில் 2003இல் பரிசுச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. நாம் குடியேறி வாழும் மாநிலங்கள் சிலவற்றில் அது இன்றும் நடைபெறுகிறது. சீட்டு வாங்கக் கை நீளும் அன்பர்கள், முதலில் வீட்டுப் பிள்ளைகளுடன் அமர்ந்து இப்படத்தை வரைவார்களாக. பரிசு பெறாத சீட்டுகளின் தூண் தாளுக்குள் அடங்காது என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்வர்.