விளையாட்டுக் களம்: கைக்கேற்ற கைபிடி

பாடசாலை மண்டபங்களில் எம் பிள்ளைகள் பட்மின்ரன் ஆடத் தொடங்கிவிட்டார்கள். மட்டை வாங்கச் செல்லும் பெற்றோர் விலையையும் நிறத்தையும் மட்டும் பார்த்து விடாதீர்கள். கைபிடியின் பருமனையும் பாருங்கள்.

யொனெக்ஸ் மட்டைகளில் ஜி 4, ஜி 5 எனக் குறித்திருப்பார்கள். இலக்கம் கூடக் கூடப் பருமன் குறையும். எல்லா நிறுவனங்களும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. ஆகவே பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் சென்று, பிடித்துப் பார்த்தே வாங்குங்கள்.

கைபிடி அளவுக்கு மீறிப் பருத்திருந்தால் விரல்களால் மட்டையைத் திருப்ப இயலாது. மிக மெல்லியதென்றால் இறுக்கிப் பிடிக்க நேரிடும். முன்னங்கையும் முழங்கையும் நோகும். நோவெடுத்தால் பிள்ளை விளையாட்டையே வெறுத்துவிடும்.

இரண்டு அளவுகளுக்கிடையே சந்தேகம் வந்தால் மெல்லியதையே எடுங்கள். நாடா சுற்றி அதைப் பருமனாக்கலாம். பருத்ததை மெல்லியதாக்குவது கடினம். பிள்ளையின் கை வளரும்போது புதிய மட்டைக்குச் செலவழிக்காமல், இன்னொரு மெல்லிய நாடாவைச் சுற்றினாலே பெரும்பாலும் போதும். அடியிலிருந்து மேல்நோக்கி, சற்று இழுத்து, ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படியும்படி சுற்றுங்கள். கை அதிகம் வியர்ப்பவர்களுக்குத் துவாய்த் துணி நாடா நல்லது. ஆனால் அது விரைவில் அழுக்காகும்; அடிக்கடி மாற்றவேண்டும்.

பிடிக்கும் முறை எளிது. ஒருவருடன் கைகுலுக்குவதுபோல் தளர்வாகப் பிடிக்கவேண்டும். பந்தை அடிக்கும் கணத்தில் மட்டும் இறுக்கினால் போதும். இடப்புறம் வரும் பந்தைப் புறங்கையால் அடிக்கும்போது, வலக்கைக்காரர் பெருவிரலைக் கைபிடியின் அகன்ற பக்கத்தில் ஊன்றவேண்டும்.

நாடா வழுக்கத் தொடங்கினால் உடனே மாற்றிவிடுங்கள்.