கோயில் பாயை நாய்க்குக் கொடுத்தது நாங்கதான்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிச்சிட்டு ஆற அமர படிங்க.

போன மாசம் எங்க கோயில் அன்னதான மண்டபத்து ஸ்டோர்ல இருந்து மூனு பழைய ரப்பர் பாய் வெளியே போச்சி. எடுத்துக் கொடுத்தது தொண்டூழியர்களான நாங்கள்தான். போனது கோயிலுக்குப் பின்னாடி ரெண்டாவது வரிசையில இருக்கிற லோரி டிரைவர் அண்ணன் வீட்டு நாய்க்கு. இது புலனக் குழுவுல தெரிஞ்சதும் ரெண்டு நாளைக்கு ஓயல. "பக்தருங்க உக்காந்து சாப்பிடுற பாயில நாயைப் படுக்க வைக்கிறதா?"ன்னு ஒருத்தர். "உண்டியல் காசுல வாங்கின பொருள்"னு இன்னொருத்தர். "மனுசனுக்கே பார்க்க ஆள் இல்லாத காலத்துல..."ன்னு ஆரம்பிச்ச ஒரு குரல் பதிவு நாலு நிமிசம் ஓடிச்சி.

அந்தப் பாய்ங்க ஓரம் கிழிஞ்சி, தூக்கிப் போடறதுக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்தது. ஆனாலும் செயலாளரை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம கொடுத்தது எங்க தப்புதான். நாய்க்குக் கொடுத்தது தப்புன்னு மட்டும் ஒத்துக்க முடியாது. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. குழுவுல எழுதினா சண்டைதான் வளரும்.

அண்ணனுக்கு வயசு 71. அக்கா எங்க கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாம பூ கட்டிக் கொடுக்கிறவங்க. பிள்ளைங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. வீட்டுல இவங்க ரெண்டு பேரு, அப்புறம் டைகர். பேருதான் டைகர். பல்லு பாதி கொட்டிப்போன 14 வயசுக் கிழவன். 2011 தீபாவளி சமயத்துல பட்டாசு சத்தத்துக்குப் பயந்து எங்க கோயில் வாசல் கால்வாயில விழுந்து கிடந்த குட்டி. அன்னைக்கு அதைத் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனது அக்காதான். ஆக, அது எங்க கோயில் வாசல்ல கிடைச்ச பிள்ளைதான்.

2015-ல பினாங்குல வெறிநோய் பரவினப்போ நாய்ங்களைப் பிடிச்சிக் கொன்னது இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாள்ல அக்கா டைகரை வீட்டுக்குள்ளயே வெச்சிக் காப்பாத்தினாங்க. ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்து, அந்தத் தகட்டைக் கழுத்துல மாட்டிவிட்டாங்க. இன்னைய வரைக்கும் ஒரு வருசம்கூட விட்டதில்ல.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அது எந்திரிக்கப் போயி அப்படியே இடது பக்கம் சாய்ஞ்சி விழுந்துருச்சி. தலை ஒரு பக்கமாத் திருகிக்கிச்சி. கண்ணு ரெண்டும் கடிகாரப் பெண்டுலம் மாதிரி இப்படியும் அப்படியும் ஆடுது. எந்திரிச்சா வட்டம் போட்டுச் சுத்தி மறுபடி விழுது. வாந்தி. நாங்க போயிப் பார்த்தப்போ அண்ணன் அதோட தலையை மடியில வெச்சிக்கிட்டு ஒன்னும் பேசாம உக்காந்திருந்தாரு. நாப்பது வருசம் லோரி ஓட்டின கை, நடுங்குது.

அதுக்குள்ள தெருவே தீர்ப்பு சொல்லிருச்சி. "வாதம் வந்துருச்சி, இனிமே எந்திரிக்காது." "வயசாச்சி அண்ணே, ஊசி போட்டு அனுப்பிருங்க, அதுதான் புண்ணியம்." அண்ணன் ஒரு கிளினிக்குக்குப் போன் பண்ணாரு. வயசு 14-ன்னு சொன்ன உடனே, நாயைப் பார்க்காமலே, கடைசி ஊசிக்கு எவ்வளவு ஆகும்னு விலை சொன்னாங்களாம். எங்கள்ல ஒருத்தரும் அதையே செஞ்சிரலாம்னுதான் சொன்னோம். மறைக்க விரும்பல.

அக்கா மட்டும் கேக்கல. "ஒரு டாக்டரு கண்ணால பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் நான் அழுதுக்கிறேன்"னாங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்த எங்க தொண்டூழியர் ஒருத்தரோட வேன்லதான் ஏத்திக்கிட்டுப் போனோம்.

இந்த டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. அவசரப்படல. ரெண்டு காதுக்குள்ளயும் லைட் அடிச்சிப் பார்த்தாங்க. கண்ணு எந்தப் பக்கமா ஆடுதுன்னு பார்த்தாங்க. ஒவ்வொரு பாதத்தையும் மடக்கித் தரையில வெச்சி, அது தானா நேராக்கிக்குதான்னு பார்த்தாங்க. நேராக்கிச்சி. அதுக்கப்புறம்தான் சொன்னாங்க: வயசான நாய்ங்களுக்குத் திடீர்னு வர்ற வெஸ்டிபுலர் கோளாறு மாதிரி தெரியுதாம். காதுக்கு உள்பக்கம் உடம்பை நேரா நிறுத்தற உறுப்பு ஒன்னு இருக்கு. கொத்தனார் கையில இருக்கிற ரசமட்டம் மாதிரின்னு வெச்சிக்குங்க. அது திடீர்னு கெட்டுப்போனா, நிலம் சுத்துற மாதிரி ஆயிரும். கப்பல்ல போறவனுக்கு வர்ற தலைசுத்தல், வாந்தி எல்லாம் அதுக்கும் வரும். இன்ன காரணம்னு பெரும்பாலும் சொல்ல முடியாதாம். முதல் ரெண்டு மூனு நாள்தான் ரொம்பக் கொடுமையா இருக்கும், அப்புறம் தானாவே குறையும், பல நாய்ங்க ரெண்டு மூனு வாரத்துல நடந்துரும்னாங்க. காதுல சீழ் வெச்சாலும், மூளையில கட்டி இருந்தாலும் இதே மாதிரி காட்டலாம், அதனால தேறுதா இல்லையான்னு கூடவே இருந்து கவனிக்கணும்னும் எச்சரிச்சாங்க. வாந்திக்கு ஒரு ஊசி, தோலுக்கு அடியில உப்புத்தண்ணி, மருந்து. எல்லாம் சேர்த்து 380 வெள்ளி.

ஃபேக்டரியில மெஷின்ல அலாரம் அடிச்சா மெஷினையா ஸ்கிராப்புக்கு அனுப்புறோம்? முதல்ல சென்சாரைப் பார்க்கச் சொல்லித்தானே பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அன்னைக்கு அந்தப் புத்தி எங்களுக்கே வரல.

பாய் விசயம் இங்கதான் வருது. அண்ணன் வீடு முழுக்க வழவழன்னு டைல்ஸ். டைகர் எந்திரிக்க முயற்சி பண்றப்ப எல்லாம் நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும். கால் பிடிமானம் கிடைக்கிற மாதிரி ஏதாவது விரிங்க, படிக்கட்டுக்கிட்ட விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அந்த நேரத்துல எங்களுக்கு ஞாபகம் வந்தது ஸ்டோர்ல கிடந்த ரப்பர் பாய்தான். கூடத்துல மூனையும் சேர்த்து விரிச்சோம்.

அந்த மூனு ராத்திரியை நாங்க மாறி மாறிப் போயிப் பார்த்தோம். அண்ணனும் அக்காவும் கட்டில்ல படுக்கல, கூடத்துலயே தரையில படுத்தாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் புரட்டிப் படுக்க வைக்கிறது. ஒன்னுக்குப் போகணும்னா வயித்துக்கு அடியில துண்டைக் கொடுத்து அண்ணன் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் தூக்கி வெளிய கொண்டு போறது. முட்டி வலிக்குத் தைலம் போடற ரெண்டு பேரு, 18 கிலோ நாயைத் தூக்குறாங்க. தண்ணியைக் கிண்ணத்துல வெச்சா அதால குடிக்க முடியல, மூக்கு ஒரு பக்கம் போகுது, கிண்ணம் ஒரு பக்கம் இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கத்து மக்சிக் வீட்டுல அஞ்சாறு பூனை. பூனைக்குட்டிக்குப் பால் கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்சைக் கழுவி, பொட்டலம் கட்டி, வேலி மேலால நீட்டினாங்க. "டைகர் சாப்பிட்டுச்சா?"ன்னு தினமும் கேட்டாங்க. நாயைத் தொடாதவங்கதான். புலனக் குழுவுல நாலு நிமிசம் பேசினவரு இதையும் தெரிஞ்சிக்கட்டும்.

இடையில ஒன்னு சொல்லிடறோம், கோயில்காரங்க எல்லாருக்கும் தேவைப்படும். நாய் என்ன சாப்பிட்டுச்சின்னு டாக்டர் துருவித் துருவிக் கேட்டாங்க. பிரசாதம் மீந்தா நாய்க்கு வைக்கிற பழக்கம் நமக்கு உண்டுதானே. சர்க்கரைப் பொங்கல், பாயாசத்துல போடற உலர்ந்த திராட்சை நாய்க்கு விஷம் மாதிரி, சிறுநீரகத்தையே கெடுத்துருமாம். வெங்காயமும் ஆகாது. நமக்குக் காய்ச்சல்னா போடற பெனடோலையும் நாமளா கொடுக்கக் கூடாதாம். இத்தனை வருசம் தெரியாமலே பாயாசம் ஊத்தியிருக்கோம். இப்போ மடப்பள்ளி வாசல்ல எழுதி ஒட்டியாச்சி.

மூனாவது நாள் சாயங்காலம் கண்ணு ஆடறது நின்னுச்சி. அடுத்த நாள் கோழி போட்ட கஞ்சியைத் தானா நக்கிச்சி. அஞ்சாம் நாள் எந்திரிச்சி நின்னு, குடிகாரன் மாதிரி தள்ளாடி, மூனு பாயையும் தாண்டி அண்ணன் காலடியில போயி உக்காந்துச்சி. அக்கா போன்ல அழுதாங்க. நாங்களும் பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு அழுதோம், அதுல என்ன வெட்கம்.

ஆனா இந்தப் பதிவை எழுத வெச்சது டைகர் இல்ல, வேறொரு நாய்.

போன ஒரு வருசத்துல எங்க கோயில் வாசல்ல ஆறு நாயைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்காங்க. அதுல நாலு கிழடு. கோயில்னா சோறு கிடைக்கும், சாமி பார்த்துக்கும்னு நினைப்பு. பழுப்பு நிறத்துல ஒரு பெட்டை நாயை கேட்டுல கயித்தால கட்டி, பக்கத்துல அதோட கிண்ணம், பாதி பிஸ்கட் பாக்கெட் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சிருந்தாங்க. பாசத்தோடதான் விட்டுட்டுப் போயிருக்காங்க போல. அது ரெண்டு நாள் ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னுச்சி. ஒவ்வொரு காருக்கும் வாலை ஆட்டுச்சி. மூனாம் நாள் காலையில தலை திருகி, வட்டம் போட்டுச் சுத்திச் சுத்தி விழுந்துச்சி. 2015-க்குப் பிறகு நம்ம ஊருல அப்படி ஒரு நாயைப் பார்த்தா முதல்ல வர்றது வெறிநோய் பயம்தான். அந்தப் பயம் நியாயம், தெரியாத நாயைக் கையால தொடக் கூடாதுதான். ஆனா நாங்க ஒரு டாக்டருக்குக்கூட போன் பண்ணல. "பைத்தியம் பிடிச்சிருச்சி, திருவிழா வேற வருது"ன்னு சொல்லி, நாய் பிடிக்கிற லோரியைக் கூப்பிட்டோம். வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க.

டைகரோட தலை திருகியிருந்ததைப் பார்த்த அன்னைக்கே எங்களுக்கு அந்த நாய் ஞாபகம் வந்துருச்சி. ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லிக்கல. டாக்டர் "மூனு நாள் பொறுங்க"ன்னு சொன்னப்போ நாங்க யாரும் யாரு முகத்தையும் பார்க்கல.

அது இதே நோய்தானா, வேறயான்னு இனிமே கண்டுபிடிக்க வழியில்ல. மூனு நாள் நாங்க கொடுக்கல, அவ்வளவுதான்.

எங்க கோயில்ல தேய்பிறை அஷ்டமிக்கு பைரவருக்கு வடைமாலை சாத்துறோம். அவரு பக்கத்துல நிக்கிற கல் நாய்க்கும் பொட்டு வெச்சி, பூ வெக்கிறோம். தருமர் சொர்க்கத்து வாசல்ல நின்னுக்கிட்டு, கூட வந்த நாயை விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்ன கதையைக் கேட்டுக் கண் கலங்காதவங்க நம்மள்ல யாரு? அதே அஷ்டமி அன்னைக்கு வாசல்ல வந்து நிக்கிற நாயை விளக்குமாத்தால அடிச்சி விரட்டுறோம். நாயைக் கருவறை வரைக்கும் விடுங்கன்னு சொல்லல. ஆகம முறை ஆகம முறைதான், அதுல எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. வாசலுக்கு வெளிய நடக்கிறதைத்தான் பேசுறோம்.

கடைசி ஊசியே பாவம்னு சொல்ல வரல. தீராத நோயில துடிச்சிக்கிட்டு இருக்கிற ஜீவனுக்கு அது கருணைதான். எங்கள்ல ஒருத்தர் வீட்டு நாய்க்கு சிறுநீரகம் ரெண்டும் போயி, கடைசியில அப்படித்தான் வழி அனுப்பினோம். எங்க வருத்தம், கெட்டுப்போன முதல் நாள்ல, டாக்டர் பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு எடுத்துடறதுலதான். "வயசாச்சி"ங்கிற ஒரு வார்த்தை போதும் நமக்கு. டிரைவர் அண்ணன் அதைக் கேட்டுட்டு மெதுவா சொன்னாரு: "தம்பி, எனக்கும்தான் வயசாச்சி."

காசு விசயத்துக்கும் பதில் சொல்லணும். 380 வெள்ளி கோயில் காசு ஒரு சென்கூட கிடையாது. அண்ணன் தன்னோட சேமிப்புல இருந்து கொடுத்தாரு. மறு பரிசோதனைக்கு நாங்க ஆளுக்குப் பத்து, இருபது போட்டோம். ஏழைப் பிள்ளைங்களுக்குப் புத்தகப் பை வாங்கற வேலையும் நிக்கல, வழக்கம் போல இந்த வருசமும் நடக்கும். நாய்க்குச் செலவு பண்ணா மனுசனுக்குக் குறையும்னு கணக்குப் போடறவங்க, போன வருசம் அந்தப் பைக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு நாங்க கேக்கல. கேக்க வைக்காதீங்க.

இனிமே நாயைக் கொண்டாந்து கோயில் வாசல்ல விடறவங்களுக்கு ஒரு தகவல். கோயில் கேமரால கார் நம்பர் தெளிவாவே தெரியுது. நம்ம நாட்டுல விலங்கு நலச் சட்டம்னு 2015-லயே வந்துருச்சி. வளர்க்கிற பிராணிக்குத் தேவையானதைச் செய்யறது வளர்க்கிறவரோட கடமைன்னு அதுல இருக்கு. கொடுமைப்படுத்தினது நிரூபணமானா 20,000 வெள்ளியில இருந்து 1,00,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா மூனு வருசம் வரைக்கும் சிறை, ரெண்டும்கூட கிடைக்கலாம். இதுவரைக்கும் நாங்க யாரையும் புகார் பண்ணதில்ல, அடுத்த தடவை பண்ணுவோம். ஆனா அதுக்கு முன்னாடி எங்களைக் கூப்பிடுங்க. வேன் இருக்கு, தூக்கறதுக்கு ஆள் இருக்கு, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சி வர்ற ஆளுங்ககூட இருக்காங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்குக் கூட வர்றோம்.

டைகருக்கு இப்போ தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சே இருக்கு. அது அப்படியே நின்னுரலாம், வலி ஒன்னும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. போன வெள்ளிக்கிழமை அக்கா பூக்கூடையோட வந்தப்போ அதுவும் பின்னாலயே நடந்து வந்து, வாசல் வேப்பமரத்துக்கு அடியில தலையைச் சாய்ச்சி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்துச்சி. யாரும் விரட்டல.

ஸ்டோர்ல மூனு புதுப் பாய் வாங்கி வெச்சாச்சி, எங்க கைக்காசு. ரசீது கதவுல ஒட்டியிருக்கு, சந்தேகப்படறவங்க பார்த்துக்கலாம். பழைய மூனையும் கழுவிக் காய வெச்சி, அடுத்து வர்ற ஜீவனுக்குன்னு தனியா சுருட்டி வெச்சிருக்கோம். பழைய துண்டு இருந்தா கொண்டாந்து கொடுங்க. கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்ல.