இடமில்லை என்று அழிக்காதீர், இடம் மாற்றுங்கள்!



பள்ளிக் கணினியின் 'சி' வட்டு நிறைந்து சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியதும் நம்மில் பலர் முதலில் கைவைப்பது பழைய மின்னஞ்சல்களின் மீதுதான். "ஐந்தாண்டுக்கு முந்திய மடல் இனி யாருக்கு வேண்டும்?" என்று சொல்லி மொத்தமாய்த் தேர்ந்தெடுத்து அழித்துவிடுகிறோம். இந்தப் பழக்கம் தவறு என்பதே என் கருத்து. அழிப்பதால் இழப்பு வருகிறது. அதைவிட வேடிக்கை, அழிப்பதால் நாம் தேடிய இடமும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

எப்படி என்கிறீர்களா?

அழித்தாலும் இடம் கிடைக்காதது ஏன்?

அவுட்லுக் மென்பொருள் நம் மடல்கள், இணைப்புகள், முகவரிகள், நாள்காட்டிக் குறிப்புகள் எல்லாவற்றையும் 'பி.எஸ்.டி.' என்னும் ஒரே தரவுக் கோப்பில் சேர்த்து வைக்கிறது. (பள்ளிக் கணக்கு வழங்கியோடு நேரடியாக இணைந்திருந்தால் அது 'ஓ.எஸ்.டி.' என்னும் கோப்பாக இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) ஒரு மடலை அழித்தால் அது முதலில் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. அங்கிருந்தும் நீக்கினால், கோப்பின் உள்ளே ஓர் அறை காலியாகிறது. ஆனால் வீட்டின் சுவர் அப்படியே நிற்கிறது. தரவுக் கோப்பின் அமைப்புப் பகுதியில் உள்ள 'காம்பேக்ட் நவ்' என்னும் கட்டளையைக் கொடுத்துச் சுருக்கினால்தான் கோப்பின் அளவு உடனே குறையும். இதை அறியாமல் நூற்றுக்கணக்கான மடல்களைப் பலிகொடுத்துவிட்டு, "இன்னும் சிவப்பாகவே இருக்கிறதே!" என்று வியப்போர் பலர்.

கோப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அவுட்லுக் 2002 வரையிலான பழைய வகைக் கோப்பு 2 கிகாபைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் திறக்க முடியாமலே போய்விடக்கூடும். அவுட்லுக் 2003-இல் வந்த புதிய வகைக்கு 20 கிகாபைட்டும், 2010 முதல் 50 கிகாபைட்டும் எல்லையாக வைக்கப்பட்டன. பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களை எல்லாம் இணைப்பாக அனுப்பிக்கொள்ளும் நமக்கு இந்த அளவுகள் எட்டாதவை அல்ல.

ஆகவே, சரியான வழி கோப்பை அப்படியே வேறு வட்டுக்குக் குடிபெயர்ப்பதே.

மடல்களில் இருப்பது என்ன?

"பழைய மடலில் அப்படி என்ன செல்வம் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சுற்றறிக்கைகள், விளம்பரங்கள், ஒரே படத்தின் பத்துப் படிகள் ஆகியவற்றை அழிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவற்றினிடையே வேறு சிலவும் உறங்குகின்றன. புதிய கட்டடத்திற்காகத் தலைமையாசிரியர் எழுதிய விண்ணப்பங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், பள்ளி வாரியத்தோடு நடந்த நிலம் பற்றிய பேச்சு, நன்கொடை தந்த முன்னாள் மாணவரின் மடல், மாணவர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததைக் காட்டும் பட்டியல்கள் ஆகியன அவை.

1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டை 2016-இல் நாம் பெருமையோடு கொண்டாடினோம். அந்த வேளையில் பள்ளி வரலாறு எழுதப் புகுந்தவர்களுக்குத் தெரியும், பழைய ஆவணம் ஒன்றைக் கண்டெடுப்பது எவ்வளவு பாடு என்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பள்ளிகள் இடம்பெயர்ந்தபோது வருகைப் பதிவேடுகளும் குறிப்பேடுகளும் காணாமற்போன கதையை மூத்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கரையானும் மழையும் அழித்தவை போக எஞ்சிய தாள்களைக் கொண்டுதான் அந்த வரலாறுகள் எழுதப்பட்டன.

இன்று நாம் தாளில் எழுதுவது குறைந்துவிட்டது. கடந்த இருபது ஆண்டுகளின் பள்ளி வரலாறு பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. இதற்குக் கரையான் தேவையில்லை. ஒரு சொடுக்கு போதும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கணினி மெதுவாக இயங்குகிறது என்று தொழில்நுட்பரை அழைத்தார்கள். அவர் வன்தட்டைத் துடைத்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். கணினி பறந்தது; ஓய்வு பெற்றுச் சென்ற தலைமையாசிரியரின் ஒன்பதாண்டு மடல்களும் அதோடு பறந்தன. கோப்பு 'டி' வட்டில் இருந்திருந்தால் தப்பியிருக்கும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வருகைப் பதிவேட்டையும் பாடத்திட்டப் பதிவேட்டையும் எப்படிப் பேணுவது என்று எங்களுக்குக் கண்டிப்போடு கற்றுத் தந்தார்கள். மின்னஞ்சலைப் பேணும் முறையை யாரும் கற்றுத் தரவில்லை. இனியேனும் நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

குடிபெயர்ப்பது எப்படி?

அவுட்லுக்கின் வழக்கமான பதிப்பில் செய்யும் முறை இது. (புதிய அவுட்லுக்கின் அமைப்பு வேறுபடும்.)

1. 'ஃபைல்' பகுதியில் 'அக்கவுண்ட் செட்டிங்ஸ்' சென்று 'டேட்டா ஃபைல்ஸ்' தாவலைத் திறங்கள். கோப்பின் பெயரும் இருப்பிடமும் அங்கே தெரியும். 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' என்பதைச் சொடுக்கினால் கோப்புறை திறக்கும்.

2. அவுட்லுக்கை முழுமையாக மூடுங்கள். திறந்திருக்கும் கோப்பை நகர்த்த முயலக்கூடாது.

3. கோப்பை 'டி' வட்டில் ஒரு புதிய கோப்புறைக்குப் படியெடுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், பாதியில் மின்சாரம் நின்றால் இரண்டும் கெடலாம்.

4. பழைய கோப்பின் பெயரை மாற்றுங்கள். அவுட்லுக்கைத் திறந்தால் கோப்பைக் காணவில்லை என்று முறையிடும். அஞ்ச வேண்டாம். புதிய இடத்தைக் காட்டிவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளும்.

5. சில நாள் பயன்படுத்திப் பாருங்கள். பழைய மடல்களும் இணைப்புகளும் திறக்கின்றனவா என்று சோதித்த பின்னரே 'சி' வட்டில் உள்ள பழைய கோப்பை நீக்குங்கள்.

ஓ.எஸ்.டி. கோப்பு என்றால் இந்த வேலையே வேண்டாம். அது வழங்கியில் உள்ள மடல்களின் படிதான். எத்தனை மாத மடல்களைக் கணினியில் வைத்துக்கொள்வது என்னும் அளவைக் கணக்கு அமைப்பில் குறைத்தாலே இடம் கிடைக்கும்.

பண்டகச் சாலையில் தூங்கும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளையும் மறந்துவிடாதீர்கள். அவற்றில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இருந்திருக்கும். அதன் மடல்கள் 'டி.பி.எக்ஸ்.' என்று முடியும் தனித்தனிக் கோப்புகளாக, கண்ணுக்கு எளிதில் தென்படாத கோப்புறையில் இருக்கும். கணினியை அகற்றுமுன் அவற்றையும் தேடி எடுங்கள்.

செய்யக்கூடாதவை

பயன்பாட்டில் உள்ள தரவுக் கோப்பை விரலியில் வைக்காதீர்கள். விரலியைப் பிடுங்கிய கணமே அவுட்லுக் தடுமாறும், கோப்பும் பழுதாகலாம். பள்ளியின் உள்வலையமைப்பில் வைத்துத் திறப்பதும் ஏற்றதன்று. மைக்ரோசாப்ட் நிறுவனமே அதனைப் பரிந்துரைப்பதில்லை. ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் கோப்புறையிலும் வேண்டாம்; ஒவ்வொரு மாற்றத்திற்கும் பெரிய கோப்பை மீண்டும் மீண்டும் ஏற்றி இணையத்தை அடைத்துவிடும்.

இன்னொன்று மிக முக்கியம். 'சி', 'டி' என்று இரண்டு எழுத்துகள் தெரிவதால் இரண்டு வன்தட்டுகள் இருப்பதாகப் பொருளில்லை. பெரும்பாலும் ஒரே வன்தட்டின் இரு பிரிவுகள்தாம். வன்தட்டு செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். ஆகவே இடம் மாற்றுவது வேறு, காப்புப்படி எடுப்பது வேறு. ஒரு புறவன்தட்டில் தவணைக்கு ஒருமுறை படியெடுத்துப் பள்ளியின் இரும்புப் பேழையில் பூட்டி வைப்பதே முழுப் பாதுகாப்பு. அந்தக் கோப்பில் மாணவர்களின் அடையாள எண்களும் பெற்றோரின் வருமான விவரங்களும் இருக்கும் என்பதை மறவாதீர். அது ஊர் சுற்றக்கூடாத பொருள்.

தமிழ் மடல்களுக்குத் தனிக் கவனம்

பிறமொழியாளருக்கு இல்லாத தொல்லை ஒன்று நமக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து மடல்கள் டிஸ்கி போன்ற குறியாக்கங்களிலும் பல்வேறு எழுத்துருக்களிலும் எழுதப்பட்டவை. ஒருங்குறி பரவலாவதற்கு முந்திய காலம் அது. கோப்பைப் பத்திரமாக நகர்த்திய பின்னரும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் தெரியாது; புரியாத குறிகளே தெரியும். பழைய கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே எடுத்து வையுங்கள். முக்கியமான மடல்களை எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். உடலைக் காப்பாற்றி உயிரை விட்டுவிடக்கூடாது அல்லவா?

"எல்லாம் மேகத்தில் இருக்கிறதே!"

இளம் ஆசிரியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். 2020 முதல் டெலிமா கணக்கு நமக்கு இருக்கிறது; கூகல் சேமிப்பும் இருக்கிறது. உண்மைதான். ஆனால் மேகமும் எல்லையற்றதன்று. கல்வி நிறுவனங்களுக்கு எல்லையில்லாச் சேமிப்பு வழங்கிவந்த கூகல், 2022 முதல் நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று பொது அளவை வகுத்தது. மேலும் கணக்கு ஆளுக்கு உரியது. ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் மடல்களும் அவரோடு செல்கின்றன. ஓய்வு பெற்றால் கணக்கின் நிலை நம் கையில் இல்லை. பள்ளிக்கு எஞ்சுவது, பள்ளி தானே எடுத்து வைத்த படி மட்டுமே.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றது. பழைய கணினிகளை அகற்றிப் புதியன வாங்கும் பேச்சு பள்ளிகளில் எழுவது இயல்பு. பழைய கணினி பள்ளி வாசலைத் தாண்டுமுன் அதில் யாருடைய மடல்கள் இருக்கின்றன என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை ஆண்டின் முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே ஒருவரிடம் ஒப்படைத்துக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் நேரமும், ஒரு புறவன்தட்டும், "இது பள்ளியின் சொத்து" என்னும் எண்ணமும் போதும்.

நமக்கு முன்னிருந்தோர் தாளில் விட்டுச் சென்றதைக் கொண்டு 200 ஆண்டுகளை எண்ணினோம். நமக்குப் பின்வருவோர் எண்ணுவதற்கு நாம் எதை விட்டுச் செல்லப் போகிறோம்?

சிந்திப்போம், இன்றே செயல்படுவோம்.