உடலின் பஞ்சாங்கம்

பஞ்சாங்கம் பாராமல் நற்காரியம் தொடங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களில் அரிது. அதிலும் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்கும் நாடு இது. வானத்து மதிக்கே இரு கணக்குகள் உண்டெனின், பெண்களின் உடற்கணக்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் வியப்பென்ன? இயற்கை முறையிற் குடும்பத்தைத் திட்டமிட விரும்புவோர் முதலில் அறியவேண்டியது இதுவே: அயல்வீட்டாளின் கணக்கு நமக்கு உதவாது.

மாதவிலக்குச் சக்கரம் ஒவ்வொன்றிலும் சூலகத்திலிருந்து பெரும்பாலும் ஒரு சூல் வெளிப்படுகின்றது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேற்படாது. ஆயினும் ஆணின் விந்தணு பெண்ணுடலில் 5 நாள் வரை உயிர்வாழ வல்லது. ஆகவே கருத்தரிக்கக்கூடிய காலம் ஏறக்குறைய 6 நாட்களாகும்.

ஜப்பானிய வைத்தியர் ஒகினோவும் ஆஸ்திரிய வைத்தியர் குனௌசும் 1920களில் தனித்தனியே ஆராய்ந்து, அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னரே சூல் வெளிப்படுகின்றதெனக் கண்டனர். பலர் இடறுமிடம் இதுவே. கணக்கு, சென்ற விலக்கிலிருந்து முன்னோக்கியன்று. வரும் விலக்கிலிருந்து பின்னோக்கிச் செல்வது. '14ஆம் நாள்' என்பது 28 நாட் சக்கரத்துக்கே பொருந்தும். 35 நாட் சக்கரமாயின் அது 21ஆம் நாளளவில் அமையும்.

வரும் விலக்கின் நாளை முன்கூட்டித் துணிய இயலாது. ஆதலால் குறைந்தது 6 மாதக் கணக்கைக் குறித்து வைத்தல் வேண்டும். மிகக் குறுகிய சக்கரத்தின் நாட்களில் 18ஐயும், மிக நீண்டதன் நாட்களில் 11ஐயும் கழிக்குக. அவை முறையே 27, 31 எனின், 9ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை கருத்தரிக்கக்கூடிய காலமாகக் கொள்ளப்படும். உடலும் குறிப்புணர்த்தும்: அக்காலத்தில் முட்டை வெண்கருப் போன்ற வழுவழுப்பான கசிவு தோன்றும், சூல் வெளிப்பட்டபின், காலையில் எழுமுன் அளக்கும் உடல் வெப்பம் சிறிது உயரும். மகப்பேற்றை நாடுவோர்க்கும் இக்குறிகள் உதவும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. சக்கரம் ஒழுங்கற்றோர், பாலூட்டும் தாய்மார், விலக்கு நிற்கும் வயதை அணுகியோர் ஆகியோர் நாட்கணக்கை நம்பியிருத்தல் ஆகாது. 26 முதல் 32 நாட் சக்கரம் உடையோர் 8 முதல் 19ஆம் நாள் வரை விலகியிருக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். அதை வழுவாது கைக்கொள்ளும் 100 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ ஐவர் கருவுறுவர். நடைமுறையிலோ அத்தொகை 12 ஆகின்றது. கணக்கு ஒன்றே, கைக்கொள்ளுதலே வேறு. நாட்காட்டியிற் புள்ளியிடுபவள் மனைவி. அப்புள்ளியை மதிக்கவேண்டியவன் கணவன். அவன் இசையாவிடின் கணக்கால் யாது பயன்? விளைவைச் சுமப்பவளோ அவள் ஒருத்தியே. மற்றுமொரு மகப்பேறு தாயின் உயிருக்கு ஆபத்தாகுமெனின், இம்முறையை மட்டும் நம்பாது, சுகாதார வைத்திய அதிகாரியையோ குடும்பநல மாதுவையோ கலந்து ஏற்ற வழியைத் தெரிந்துகொள்க.

இவற்றைப் பேசக் கூசுவோர் பலர். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் கிறீன் மொழிபெயர்த்த மகப்பேற்று நூல் 1857இலேயே வெளிவந்துவிட்டது. மொழி அன்றே வழிவிட்டது. இனி வழிவிடவேண்டியது கணவன் மனைவியரிடையே நிலவும் மௌனமே.