பழைய மின்சாரக் கார்கள்: வாங்குவது எளிது, பழுது பார்ப்பது யார்?

நியூசிலாந்தின் வீதிகளில் ஓடும் மின்சாரக் கார்களில் கணிசமானவை அந்நாட்டில் புதிதாக விற்கப்பட்டவை அல்ல. அவை ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிய பிறகு, கப்பலேறி ஆக்லாந்து துறைமுகத்தில் வந்திறங்கியவை. அவற்றில் மிகப் பரவலாகக் காணப்படுவது நிசான் நிறுவனத்தின் லீஃப் கார்.

புதிய மின்சாரக் கார் ஒன்றின் விலையைக் கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு இந்தக் கார்கள் ஒரு வாய்ப்பாக அமைந்தன. புதிதாகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உட்பட, நடுத்தர வருமானம் உள்ள பலர் பெட்ரோல் செலவில் இருந்து விடுபடும் வழியாக இவற்றைப் பார்த்தனர். ஆனால் அந்தக் கார்களுக்கு வயதாகும்போது அவற்றைப் பழுது பார்ப்பது யார், அதற்கான செலவை ஏற்பது யார் என்ற கேள்வி இப்போது கூர்மையடைந்து வருகிறது.

ஜப்பானில் இருந்து வந்த பாதை

நியூசிலாந்தில் கார்களை உற்பத்தி செய்யும் அல்லது ஒருங்கிணைக்கும் தொழிற்சாலைகள் இன்று இல்லை. இறக்குமதித் தீர்வைகள் நீக்கப்பட்டதை அடுத்து, கடைசித் தொழிற்சாலைகள் 1998ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதற்கு முன்னரே, 1980களின் பிற்பகுதியில் இருந்து, ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட கார்கள் பெருமளவில் அங்கு வரத் தொடங்கியிருந்தன. இரு நாடுகளிலும் வாகனங்கள் சாலையின் இடது பக்கத்தில் செல்வதும், ஜப்பானில் பழைய கார்களை அடிக்கடி கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டியிருப்பதால் பலர் அவற்றைச் சீக்கிரமே விற்றுவிடுவதும் இந்த வர்த்தகத்துக்கு அடித்தளமாக அமைந்தன.

லீஃப் கார் 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் முதல் தலைமுறைக் கார்களில் 24 கிலோவாட் மணி திறனுள்ள பேட்டரி இருந்தது. பின்னர் 30, 40, 62 கிலோவாட் மணி எனத் திறன் கூட்டப்பட்டது.

நியூசிலாந்து அரசின் கொள்கைகளும் இந்த இறக்குமதிக்கு உதவின. மின்சாரக் கார்களுக்கு 2009ஆம் ஆண்டில் இருந்து சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. 2021 ஜூலையில் தொடங்கிய மானியத் திட்டம், இறக்குமதி செய்யப்பட்ட பயன்படுத்திய மின்சாரக் கார்களுக்கும் பணம் வழங்கியது.

இந்த இரண்டு சலுகைகளும் இப்போது இல்லை. மானியத் திட்டம் 2023 டிசம்பர் 31ஆம் தேதியுடன் நிறுத்தப்பட்டது. கட்டண விலக்கு 2024 மார்ச் 31ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. அதற்கு அடுத்த நாளில் இருந்து மின்சாரக் கார் உரிமையாளர்கள் ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் 76 நியூசிலாந்து டாலர்கள் செலுத்த வேண்டியதாயிற்று. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் ஒருவருக்கு இது 912 டாலர்கள். எரிபொருளில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு போய்விடும் நிலையில், பழுதுபார்ப்புச் செலவு முன்னெப்போதையும் விட முக்கியமானதாகிறது.

குறைவான பழுது, ஆனால் பெரிய பழுது

மின்சாரக் காரில் பழுதடையக்கூடிய பாகங்கள் குறைவு என்பது உண்மைதான். என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக், புகைபோக்கி, கிளட்ச் ஆகியவை இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தை உற்பத்தி செய்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவதால், பிரேக் பாகங்களும் நீண்ட காலம் தேயாமல் இருக்கின்றன.

அதோடு, ஏற்படும் கோளாறுகளில் பல சாதாரணமானவை. எல்லாக் கார்களிலும் இருப்பது போன்ற 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று லீஃப் காரிலும் உண்டு. அது பலவீனமடைந்தால், பிரதான பேட்டரியில் போதிய மின்சாரம் இருந்தாலும் கார் இயங்க மறுக்கும். பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். எந்தப் பழுதுபார்க்கும் நிலையத்திலும் மாற்றக்கூடிய இந்தச் சிறிய பாகத்தை, மின்சாரக் கார் என்றதும் தயங்கும் மெக்கானிக் ஒருவர் சோதித்துப் பார்க்காமலே விட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

ஆனால் பிரதான பேட்டரியின் நிலை வேறு. முதல் தலைமுறை லீஃப் காரின் பேட்டரித் தொகுதி சுமார் 300 கிலோ எடை கொண்டது. அதில் 48 மாட்யூல்களும், ஒவ்வொன்றிலும் நான்காக 192 செல்களும் இருக்கின்றன. இந்தச் செல்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு, 96 இணைகளாக ஒரே வரிசையில் உள்ளன. அந்த வரிசையில் ஒரே ஓர் இணை பலவீனமடைந்தால் போதும். மற்றவற்றில் மின்சாரம் மிஞ்சியிருந்தாலும், அந்த இணை தீர்ந்ததும் கார் நின்றுவிடும்.

தொகுதியின் மின்னழுத்தம் 400 வோல்ட் வரை செல்லும். நேர்மின்சாரமாக இருக்கும் இந்த அழுத்தம் உயிரைப் பறிக்கக் கூடியது. காப்பிடப்பட்ட கையுறைகளும் கருவிகளும், இணைப்பைத் துண்டிப்பதற்கான முறையான பயிற்சியும் இன்றி இதனைத் திறக்க முடியாது. நியூசிலாந்தில் மின்சார வாகனப் பொறியியலுக்கென தேசிய அளவிலான சான்றிதழ்ப் பயிற்சி இருந்தாலும், பேட்டரித் தொகுதியைப் பிரித்துச் சரிசெய்யக்கூடிய நிலையங்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களிலேயே உள்ளன. வடகோடியிலோ தென்தீவின் மேற்குக் கரையிலோ வசிப்பவர், காரை இழுவை வண்டியில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் அனுப்ப வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு கோடுகள்

லீஃப் பேட்டரியில் திரவத்தால் குளிர்விக்கும் அமைப்பு இல்லை. வெப்பமான இடங்களில் இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012ஆம் ஆண்டில் உரிமையாளர்கள் பலர் பேட்டரித் திறன் வேகமாகக் குறைவதாக முறையிட்டனர். விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது.

பேட்டரியின் ஆரோக்கியத்தைக் காரின் முகப்பில் உள்ள 12 கோடுகள் காட்டுகின்றன. முதல் கோடு மறையும்போது ஏறத்தாழ 15 சதவீதத் திறன் போயிருக்கும். அதன் பின் மறையும் ஒவ்வொரு கோடும் சுமார் ஆறேகால் சதவீதத்தைக் குறிக்கும். எட்டுக் கோடுகள் மட்டும் மிஞ்சிய காரில், புதிதாக இருந்தபோது இருந்த திறனில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கும். புதிதாக இருக்கையில் 120 கிலோமீட்டர் ஓடிய கார், 80 கிலோமீட்டரில் நின்றுவிடும். ஆக்லாந்தில் இருந்து ஹாமில்டனுக்கு உள்ள தூரம் சுமார் 125 கிலோமீட்டர் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் புரியும்.

இந்தக் கோடுகளையும் முழுமையாக நம்ப முடியாது. பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுச் சாதனத்தை மீளமைத்து, தேய்ந்த பேட்டரியைப் புதியது போலக் காட்டச் செய்ய முடியும். சில வாரங்கள் ஓட்டிய பிறகே உண்மை வெளிப்படும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள், காரின் கணினியுடன் இணைத்துக் கைத்தொலைபேசியில் பார்க்கும் லீஃப்ஸ்பை என்ற செயலியின் உதவியோடு செல்களின் நிலையைத் தனித்தனியே பார்த்த பிறகே காரை வாங்குகின்றனர்.

மென்பொருள் யார் கையில்?

2018ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பிரச்சினையின் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. கார் உரிமையாளர்களே திரட்டிய தரவுகளைக் கொண்டு 280க்கும் அதிகமான லீஃப் கார்களை அந்த ஆய்வு பரிசீலித்தது. 30 கிலோவாட் மணி கார்கள், இரண்டு ஆண்டு வயதில், ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதத் திறனை இழப்பதாகவும், அதே வயதில் 24 கிலோவாட் மணி கார்களின் இழப்பு ஏறத்தாழ 3 சதவீதமே என்றும் அவற்றின் கணினிகள் காட்டின.

இழப்பு உண்மையானதல்ல, அதைக் கணக்கிடும் மென்பொருளில்தான் தவறு இருக்கிறது என்பது நிசானின் விளக்கமாக இருந்தது. அதற்கான திருத்தமும் அதே ஆண்டில் வெளியிடப்பட்டது. ஆனால் அத்திருத்தத்தைக் காரில் ஏற்றுவதற்கு நிறுவனத்தின் சிறப்புக் கருவி தேவைப்பட்டது. ஜப்பானில் விற்கப்பட்டு, தனியார் வணிகர்கள் மூலம் வேறொரு நாட்டுக்கு வந்த காருக்கு அந்தச் சேவையை வழங்கும் கடமை யாருடையது என்பது தெளிவாக இருக்கவில்லை. கார் நல்ல நிலையில் இருந்தும், அது நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று சொல்லவைக்கும் அதிகாரம் உரிமையாளரிடம் இல்லை.

பிரிட்டனிலும் இதையொத்த நிலை ஏற்பட்டது. 2016ஆம் ஆண்டு வரை தயாரான லீஃப் கார்களைத் தொலைவில் இருந்து இயக்க உதவிய செயலி, 2ஜி வலையமைப்பு மூடப்படுவதைக் காரணம் காட்டி 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. கார்கள் தொடர்ந்து ஓடின. ஆனால் விலை கொடுத்து வாங்கிய வசதி ஒன்று, எந்தப் பாகமும் உடையாமலே இல்லாமல் போனது.

எல்லையைத் தாண்டாத உத்தரவாதம்

ஜப்பானில் 24 கிலோவாட் மணி பேட்டரிக்கு ஐந்து ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் இருந்தது. 30 கிலோவாட் மணி பேட்டரிக்கு அது எட்டு ஆண்டுகள் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். ஆனால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாக, கார் முதலில் விற்கப்பட்ட நாட்டோடு நின்றுவிடுகிறது.

மாற்றுப் பேட்டரிகளின் நிலையும் அதுவே. நிசானும் சுமிதோமோவும் இணைந்து நடத்தும் நிறுவனம், ஃபுகுஷிமா மாகாணத்தின் நமியே நகரில் 2018ஆம் ஆண்டில் ஓர் ஆலையைத் திறந்தது. பழைய பேட்டரிகளில் நல்ல மாட்யூல்களைத் தேர்ந்து, மீண்டும் தொகுத்து, பழையதைத் திருப்பிக் கொடுப்போருக்கு 3 லட்சம் யென் விலையில் வழங்கும் திட்டம் அது. புதிய பேட்டரியின் விலை அப்போது 6 லட்சத்து 50 ஆயிரம் யென். பழைய கார்களின் வாழ்நாளை நீட்டிக்கும் இந்த நல்ல திட்டம் ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்காகவே அறிவிக்கப்பட்டது.

ஆகவே ஜப்பானுக்கு வெளியே உள்ளவர்கள் பெரும்பாலும் விபத்தில் சேதமடைந்த கார்களின் பேட்டரிகளையே நம்பியிருக்கின்றனர். 40 கிலோவாட் மணி பேட்டரியை 2011ஆம் ஆண்டுக் காரில் பொருத்துவதும்கூட சாத்தியமே. ஆனால் இரு தலைமுறைகளின் கணினிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள, இடையில் ஒரு மின்னணுச் சாதனத்தைப் பொருத்த வேண்டும். இந்த நுட்பங்களை வளர்த்தவர்கள் பெரும்பாலும் சுயாதீனத் தொழில்நுட்பர்களே. அமெரிக்காவில் இருந்து பழைய லீஃப் கார்களைப் பெருமளவில் வாங்கிய உக்ரைனிலும் இத்தகைய தொழில் வளர்ந்தது.

இலங்கையின் அனுபவம்

இதே ஜப்பானியக் கார்கள் இலங்கைக்கும் சென்றன. 2015ஆம் ஆண்டு வாக்கில் வரி குறைவாக இருந்த காலத்தில் லீஃப் கார்கள் அங்கு பெருமளவில் இறக்குமதியாயின. ஆண்டு முழுவதும் வெப்பமான கொழும்பு போன்ற நகரங்களில், குளிர்விக்கும் அமைப்பற்ற பேட்டரிகள் விரைவில் முதுமையடைந்தன.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, மின்சாரக் கார் வைத்திருந்தவர்களின் நிலை பொறாமைக்குரியதாகத் தோன்றியது. ஆனால் தேய்ந்த பேட்டரியுடன் இருந்தவர்களுக்கு அந்த அனுகூலம் குறுகிய தூரத்துக்கே கிட்டியது. தனியார் வாகன இறக்குமதி 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களை ஓட வைத்ததில் உள்ளூர் மெக்கானிக்குகளின் கைவண்ணத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

நியூசிலாந்தின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், ஒரு பொருளுக்கான உதிரிப் பாகங்களும் பழுதுபார்க்கும் வசதியும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் அவை கிடைக்கும் என்ற பொறுப்பை ஏற்கவில்லை என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டால், அந்தக் கடமையில் இருந்து விலகவும் அதே சட்டம் இடமளிக்கிறது.

வணிகரிடம் கார் வாங்கியவர், அது ஏற்கத்தக்க தரத்தில் இல்லை என்று கருதினால், வாகனத் தகராறுகளுக்கான தீர்ப்பாயத்தை நாடலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. கார் எவ்வளவு பழையதாகிறதோ, அவ்வளவுக்கு அது தனிநபர்களுக்கு இடையிலேயே கைமாறுகிறது. அதாவது, பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் கட்டத்தில்தான் அது மிகவும் குறைவாக உள்ளது.

சர்வதேச அளவில் சில மாற்றங்கள் வருகின்றன. ஐ.நா. அமைப்பின் கீழ் 2022ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட தொழில்நுட்ப விதி, எட்டு ஆண்டுகள் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின்னரும் பேட்டரியில் 70 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, 2027 பிப்ரவரி முதல் மின்சாரக் காரின் ஒவ்வொரு பேட்டரிக்கும் அதன் விவரங்களைத் தாங்கிய மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. ஆனால் இவை புதிய பேட்டரிகளுக்கானவை. ஏற்கனவே இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் இருக்கும் கார்களுக்கு இவற்றால் நேரடிப் பலன் இல்லை.

நியூசிலாந்தில் ஓடும் கார்களின் சராசரி வயது 14 ஆண்டுகளுக்கும் அதிகம். எட்டு ஆண்டு உத்தரவாதத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கப்படும் பேட்டரிக்கும், அங்கு கார் ஒன்று பயன்படுத்தப்படும் காலத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை யாராவது நிரப்பியாக வேண்டும். இப்போதைக்கு அதை நிரப்புபவர்கள் உற்பத்தியாளர்களோ அரசோ அல்ல. ஒரு சில பட்டறைகளும், குறைந்த விலைக்குக் கார் வாங்கிய குடும்பங்களின் சேமிப்புமே அந்தப் பணியைச் செய்கின்றன. புகையில்லாப் போக்குவரத்துக்கு மாறுவதில் அதிக ஆபத்தை ஏற்பவர்கள் அதற்கு மிகக் குறைந்த வசதி உள்ளவர்களாக இருப்பார்களானால், அந்த மாற்றம் மெதுவாகவே நடக்கும் என்பதில் வியப்பில்லை.