ஹேண்டில் பார் என்ன கல்வெட்டா?

"கம்பெனி செட்டிங் சார், அதுல கை வைக்கக் கூடாது." சர்வீஸ் சென்டரில் இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டே நம்மில் பாதிப் பேர் தோள்வலியோடு காலேஜுக்கு வந்து போகிறோம்.

சரி, யாருடைய கையை அளந்து கம்பெனி அந்த செட்டிங்கை வைத்தது? ஐந்தடி மூணு அங்குலம் இருக்கிற எனக்கும், ஆறடி இருக்கிற என் பெஞ்ச் நண்பனுக்கும் ஒரே பார், ஒரே கோணம். சட்டை எடுக்கும்போது மட்டும் கை நீளம் பார்க்கிறோம்!

சாதாரண வண்டிகளில் ஹேண்டில் பாரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் நாலு போல்ட். லேசாக லூஸ் பண்ணி, பாரை நம் பக்கமோ முன்பக்கமோ கொஞ்சம் உருட்டி, திரும்ப டைட் வைத்தால் முடிந்தது. வெட்டு, வெல்டிங் எதுவும் கிடையாது. ஆர்.சி.யில் இருக்கிற விவரம் எதுவும் மாறுவதும் இல்லை.

பாரைவிட அதிகம் படுத்துவது லீவர்தான். வழக்கமாக ஓட்டுகிற மாதிரி உட்கார்ந்து கிளட்ச் மேல் விரலை வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லீவர் மேலே தூக்கி இருந்தால் மணிக்கட்டு பின்பக்கம் மடங்கும். உள்ளே போகிற நரம்பு நசுங்கும். கட்டைவிரலும் பக்கத்து ரெண்டு விரலும் மரத்துப் போகும். மேலே சொன்ன ஆறடிக்காரனுக்கு இதேதான். முதலில் கிளவுஸ் வாங்கினான், அப்புறம் மெத்து மெத்தென்று ஒரு கிரிப், அப்புறம் தைலம். கடைசியில் லீவரைக் கொஞ்சம் கீழே இறக்கினோம். பத்து நிமிஷ வேலை. ரெண்டு வாரத்தில் மரப்பு குறைந்தது. குறையாமல் இருந்திருந்தால் டாக்டரிடம்தான் இழுத்துப் போயிருப்பேன், அது வேறு.

மெக்கானிக் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பாரை உருட்டிய பிறகு ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். கை டேங்கில் இடிக்கக் கூடாது, பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. என்ஜினை ஓடவிட்டுத் திருப்பும்போது ரேஸ் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்கிறது என்று அர்த்தம், அப்படியே ரோட்டுக்குப் போகாதீர்கள். போல்ட்டை எவ்வளவு டைட் வைப்பது என்று மேனுவலில் இருக்கும். இதையெல்லாம் பார்த்துச் செய்யத்தானே சர்வீஸ் சார்ஜ்? "கை வைக்கக் கூடாது" என்று சொல்வதற்கா காசு?

அடுத்து நம்ம கிளிப்-ஆன் கோஷ்டி. ஆர்15, பல்சர் 220 வைத்திருப்பவர்களைச் சொல்லவில்லை, அது அந்த வண்டியோடு வந்தது. நன்றாக நிமிர்ந்து ஓட்டுகிற வண்டியை வாங்கி, காசு கொடுத்துத் தாழ்ந்த பார் மாட்டுகிறார்களே, அவர்களைத்தான். குனிந்து ஓட்டுவது ரேஸுக்கு வந்த பழக்கம். 120-ல் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கும், கையில் பாரம் குறையும். 40-ல் அந்தக் காற்றின் விசை ஒன்பதில் ஒரு பங்குதான். மிச்ச பாரம் எங்கே போகும்? மணிக்கட்டுக்குத்தான். நம் ஊர் டிராஃபிக்கில் 40 போவதே பெரிய விஷயம் :-) இதில் பாரை உயர்த்தி வைத்தால் "அங்கிள் வண்டி" என்று கிண்டல் வேறு. அங்கிளுக்குக் கை வலிக்கவில்லையே அப்பா!

ஸ்பேனரும் அலன் கீ செட்டும் என் பையில் இருக்கின்றன. மேனுவலை எடுத்துக்கொண்டு மூணாவது பீரியட் முடிந்து பார்க்கிங் பக்கம் வாருங்கள்.